மறுவும் பருவும்

திருக்குறளின் 'நலம்புனைந்துரைத்தல்' அதிகாரம் நடத்தும் நாளில் வகுப்பில் எப்போதும் ஒரு கலகலப்பு இருக்கும். பொருட்பால் நடக்கும்போது சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள்கூட அன்று கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடும். நிலவையும் தலைவியின் முகத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் தலைவன், நிலவில் உள்ள மறு இவள் முகத்தில் இல்லை என்று பெருமைப்படும் இடத்தில் நாம் வழக்கம்போலச் சற்று நின்று விளக்குவோம். மறு என்றால் களங்கம், கறை, புள்ளி. புள்ளியில்லாத முகமே முகம் என்ற பொருள்பட ஏதோ சொல்லியும் இருப்போம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு மாணவி துப்பட்டாவை மெல்ல மூக்குவரை ஏற்றிக்கொண்டதைப் பார்த்தோம். பார்த்தும் பாடத்தைத் தொடர்ந்தோம்.

சில வாரங்கள் கழித்து, விடுப்பு விண்ணப்பத்தில் கையொப்பம் வாங்க அவர் துறைக்கு வந்தார். துப்பட்டா விலகியிருந்தது. கன்னங்கள் வெந்ததுபோலச் சிவந்திருந்தன. தோலுக்கடியில் மெல்லிய நரம்புகள் சிலந்திவலைபோல ஓடின. நெற்றியிலும் தாடையிலும் சீழ் கோத்த பருக்கள். "என்னம்மா இது?" என்றோம். "கிரீம் போட்டேன் ஐயா. மெடிக்கல்ல கேட்டதும் குடுத்தாங்க. முதல் பத்து நாள் முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. என்ன போட்டேன்னு எல்லாரும் கேட்டாங்க. இப்ப ஒரு நாள் நிறுத்தினாலும் எரியுது" என்றார். பிறகு, எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத குரலில், "போன வருசம் உங்ககிட்ட கேட்டேன் ஐயா. உடம்புச் சூடு, இளநீர் குடின்னு சொன்னீங்க. குடிச்சேன். சரியாகலை. அப்புறம்தான் கிரீம் வாங்கினேன்" என்றார்.

அப்படிச் சொன்னது நமக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்போம் என்பதில் ஐயமில்லை. நம் தந்தை நமக்குச் சொன்னது அது. பரு என்றதும் நம்மூரில் எவரும் யோசிக்காமல் சொல்வதும் அதுதான். தமிழ் படித்தவன் தோலைப் பற்றி எழுதுவானேன் என்று இவ்விடத்து நண்பர்கள் கேட்கக்கூடும். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொன்னதற்குச் செய்யும் கழுவாய் என்று கொள்க. அந்நிகழ்ச்சிக்குப் பின் மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் படித்தும் நாம் அறிந்துகொண்டவற்றையே இங்கே தொகுத்துச் சொல்கிறோம்.

பரு என்ற சொல் பருத்தல் என்னும் வினையோடு உறவுடையது. பருப்பது எது? தோலில் மயிர் முளைக்கும் ஒவ்வொரு குழியை ஒட்டியும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. முகத்திலும் மார்பிலும் முதுகிலும் இச்சுரப்பிகள் பெரியவை. பருவும் அங்கேதான் மிகுதி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆண்ட்ரோஜன் எனப்படும் இயக்குநீர்கள், ஆண் பெண் இருபாலர் உடலிலும், பெருகத் தொடங்கும்போது சுரப்பிகள் விரிந்து எண்ணெய் கூடுகிறது. குழியின் உட்சுவரில் உதிரவேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில், நம் தோலில் எப்போதும் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது. உடலின் காப்புப்படை அதை எதிர்க்க வரும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் தோன்றுகின்றன. எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி ஆகிய இந்நான்கும் சேர்ந்ததே பரு. பன்னிரண்டிலிருந்து இருபத்துநான்கு வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 85 பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது என்று மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. அவ்வளவு பேருக்கு வருவதை ஒருவருடைய தனிக்குறையாகப் பேச நாம் எப்படிப் பழகினோம்?

நம்மிடையே வழங்கும் நம்பிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

முதலாவது, அழுக்கு. முகத்தைச் சரியாகக் கழுவாததால்தான் பரு வருகிறது என்பார்கள். கரும்புள்ளியைக் காட்டி, 'பார், அழுக்கு' என்பார்கள். அக்கருமை அழுக்கன்று. திறந்திருக்கும் குழியின் வாயில் உள்ள மெலனின் நிறமியும், காற்றுப்பட்டு மாறிய கொழுப்பும் தரும் நிறம் அது. தேய்த்தால் போகாது. நாளுக்கு ஐந்தாறு முறை சோப்புப் போட்டுத் தேய்ப்பவர்களுக்குத் தோலின் மேற்காப்பு சிதைந்து எரிச்சல்தான் மிஞ்சுகிறது. மென்மையான கழுவியால் நாளுக்கு இருமுறை, வியர்த்தால் மேலும் ஒருமுறை கழுவினால் போதும்.

இரண்டாவது, சூடும் கெட்ட இரத்தமும். மாம்பழம் சூடு, முட்டை சூடு, இரவு விழித்தால் சூடு. எண்ணெய் தேய்த்துக் குளி, பேதிக்கு எடு, இரத்தம் சுத்தமாகும் என்பது இதன் தொடர்ச்சி. பரு உருவாவது குழிக்குள் நடக்கும் நிகழ்ச்சி. அதற்கும் இரத்தத்தின் தூய்மைக்கும் மலச்சிக்கலுக்கும் தொடர்பில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சூட்டைத் தணிக்கவென்று தலையில் வழிய வழிய வைக்கும் எண்ணெய் நெற்றியில் இறங்கிக் குழிகளை அடைப்பதுண்டு. நெற்றியில் மயிர்க்கோட்டை ஒட்டி மட்டும் சிறுசிறு பருக்கள் வரிசையாக இருந்தால் முதலில் ஐயுற வேண்டியது தலை எண்ணெயைத்தான்.

மூன்றாவது, உணவு. இதில் மட்டும் நாம் சற்று நிதானிக்க வேண்டும். 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு சாக்லேட்டால் பரு கூடுவதில்லை என்றது. அதைக்கொண்டு பல்லாண்டுகள் மருத்துவர்கள் 'உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை' என்று சொல்லிவந்தார்கள். அவ்வாய்வில் ஒப்பீட்டுக்காகக் கொடுத்த மிட்டாயிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன என்பதைப் பின்வந்தோர் சுட்டிக்காட்டினர். 2002இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, பப்புவா நியூகினியின் கிதாவா தீவில் 1200 பேரையும் பராகுவேயின் ஆச்சே பழங்குடியினர் 115 பேரையும் பார்த்த ஆய்வாளர்கள் ஒருவரிடத்தும் பருவைக் காணவில்லை. அவர்கள் மேலைநாட்டு உணவு உண்ணாதவர்கள். 2007இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், இரத்தச் சர்க்கரையை விரைந்து ஏற்றாத உணவை 12 வாரங்கள் உண்ட இளைஞர்களுக்குப் பரு குறைந்தது. பாலுக்கும், உடற்பயிற்சிக்கூட இளைஞர்கள் குடிக்கும் மோர்ப்புரத மாவுக்கும் ஓரளவு தொடர்பிருப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. ஆக, பாட்டிமார் சொன்னது முழுக்கப் பொய்யன்று. ஆனால் அவர்கள் காட்டிய இடம் வேறு. கடலையும் மாம்பழமும் குற்றவாளிகள் என்பதைவிட, இனிப்பும் மைதாவும் குளிர்பானமும் சிலருக்குத் தூண்டுகோல் என்பதே சான்றுக்கு நெருக்கமானது. தூண்டுகோல்தான், வேர் அன்று. உணவை மாற்றியும் பரு போகாத பிள்ளையை 'வாயைக் கட்டவில்லை' என்று ஏசுவதில் அறமில்லை.

நான்காவது, நாம் வாய்விட்டுப் பேசாமல் கேலியாகப் பேசுவது. பரு வந்தால் மனத்தில் ஆசை வந்துவிட்டது, யாரையோ நினைக்கிறாள், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும். இதற்கு நம் இலக்கியக் கல்வியும் ஒருவகையில் இடம்கொடுத்ததோ என்று நாம் நினைப்பதுண்டு. பிரிவால் தலைவியின் மேனியில் பசலை படர்வதை எத்தனை பாடல்களில் நடத்தியிருக்கிறோம்! அங்கே தோல் மனத்தின் ஏடு. தாயும் தோழியும் ஊராரும் அந்த ஏட்டைப் படிக்கிறார்கள். கவிதையில் அது மெய். எதிரே உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணின் கன்னத்தை அவ்வாறு படிக்க நமக்கு உரிமையில்லை. பருவமும் பருவும் ஒலியால் நெருங்கியிருக்கின்றன என்பதற்காக ஒன்று மற்றொன்றின் சாட்சி ஆகிவிடாது. திருமணம் முடிந்து, பிள்ளை பெற்று, முப்பத்தைந்து வயதிலும் தாடையோரம் பரு வரும் பெண்கள் ஏராளம். மாதவிலக்கு ஒழுங்கின்மையும் முகத்தில் மயிர் வளர்ச்சியும் உடன் இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கலா என்று பார்க்க வேண்டியிருக்கும். 'கல்யாணம் ஆனால் போய்விடும்' என்ற ஆறுதல் அந்தச் சோதனையைத்தான் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறது.

இந்நான்கையும் சேர்த்துப் பாருங்கள். அழுக்கென்றால் நீ சுத்தமில்லாதவள். சூடென்றால் நீ சொன்ன பேச்சைக் கேட்காதவன். இரத்தமென்றால் உன் உடம்பே சரியில்லை. ஆசையென்றால் உன் மனம் சரியில்லை. எந்த விளக்கத்தைத் தொட்டாலும் குற்றம் முகத்துக்கு உரியவர்மீதே வந்து விழுகிறது. நோயைப் பற்றிய அறியாமையாக மட்டும் இருந்தால் திருத்திவிடலாம். இது பழி சொல்லும் பழக்கமாக இருக்கிறது. பழியைத் தாங்க முடியாத பிள்ளை பத்து நாளில் முகத்தை வெளுக்க வைக்கும் எதையும் வாங்கும் என்பதே நம் மாணவியிடம் நாம் கண்டது.

அவர் வாங்கிய கிரீமில் இருந்தது வீரியமிக்க ஒரு ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற சில நோய்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் தரவேண்டிய அருமையான மருந்து அது. முகத்தில் தடவினால் அழற்சியை அடக்குவதால் சிவப்பு உடனே மறைகிறது. தோல் வெளுக்கவும் செய்கிறது. அதனால்தான் முதல் பத்து நாள் ஊரே வியக்கிறது. தொடர்ந்து தடவத் தோல் மெலிகிறது, நரம்புகள் தெரிகின்றன, மயிர் வளர்கிறது, முன்பு இருந்ததைவிட மிகுதியாகப் பரு கிளம்புகிறது. நிறுத்தினால் எரிகிறது. எரிச்சலுக்கு அஞ்சி மறுபடி தடவ, அதுவே பழக்கமாகிவிடுகிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்தியாவின் பல தோல்நோய் மையங்களுக்கு முகத்தோல் சிக்கலோடு வந்த 2926 பேரைப் பார்த்தபோது 433 பேர் இத்தகைய கிரீம்களைப் பயன்படுத்தியிருந்தது தெரியவந்தது. அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட தீய விளைவு என்ன தெரியுமா? பருவேதான். பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர்கள் மருத்துவரல்லாதவர்கள். 2018இல் நடுவண் அரசு இவ்வகைக் கிரீம்கள் பதினான்கை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. கடைப்பலகைக்கு இந்தப்புறம் நின்று 'பருவுக்கு ஏதாவது குடுங்க' என்று கேட்கும் பழக்கம் நம்மைவிட்டுப் போகவில்லை. குழாயின்மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர் இருந்தால் அது பருவுக்கான மருந்தன்று என்பதை மட்டுமாவது வீட்டுக்கு ஒருவர் அறிந்திருந்தால் நன்று.

பற்பசை, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா முதலியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றும் தோலைப் புண்ணாக்கும். எலுமிச்சை தடவிய தோல் வெயிலில் கருத்தும் போகும். மஞ்சளையும் வேம்பையும் நாம் பழிக்கவில்லை. ஆனால் முகத்தில் குழிவிழும் அளவுக்குப் பரு முற்றும்போது அவற்றை நம்பிக் காத்திருப்பது நட்டம்.

பிறகு எதுதான் பயன் தருகிறது? நம் காலத்தில் விடை தெளிவாகவே இருக்கிறது. எளிய பருவுக்கு இரண்டு பூச்சுகள் முதன்மையானவை. ஒன்று பென்சாயில் பெராக்சைடு. பாக்டீரியாவைக் கொல்வது, பாக்டீரியா இதற்குப் பழகிப்போவதில்லை என்பது இதன் சிறப்பு. 2.5 விழுக்காட்டுப் பூச்சே பெரும்பாலும் போதும். வீரியத்தைக் கூட்டினால் எரிச்சல்தான் கூடும். துண்டையும் தலையணை உறையையும் வெளுத்துவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மற்றொன்று, வைட்டமின் ஏ வழிவந்த அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்றவை. இவை அடைப்பையே நீக்குகின்றன. அதாவது, வேருக்குச் செல்கின்றன. இரவில், பட்டாணி அளவு எடுத்து, பருவின் தலையில் மட்டும் வைக்காமல், பரு வரும் பகுதி முழுதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். முதல் சில வாரங்கள் தோல் காய்ந்து உரியும். பரு சற்றே கூடியதுபோலவும் தோன்றலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்கி, ஈரப்பதம் தரும் களிம்பையும் சேர்த்துக்கொண்டால் தாங்கிக்கொள்ளலாம். கருவுற்றோர் இவற்றைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அசிலாயிக் அமிலப் பூச்சு உண்டு.

பரு மிகுதியானால் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சில மாதங்களுக்குத் தருவார். இவற்றைத் தனியே உண்ணாமல் மேற்சொன்ன பூச்சோடு சேர்த்தே உண்ண வேண்டும். இல்லையேல் பாக்டீரியா மருந்துக்குப் பழகிவிடும். கட்டிகளாகக் கிளம்பித் தழும்பு விழுமானால் ஐசோட்ரெட்டினாயின் இருக்கிறது. அமெரிக்காவில் 1982 முதல் வழங்கும் மருந்து. பருவின் காரணங்கள் நான்கையும் ஒருங்கே அடக்குவது இது. பலருக்கு ஒருமுறை உண்டதே போதுமானதாகிறது. ஆனால் வயிற்றிலிருக்கும் கருவைக் கடுமையாகச் சிதைக்கும். எனவே பெண்கள் அதை உண்ணும் காலத்திலும் நிறுத்திய ஒரு மாதம்வரையும் கருவுறவே கூடாது. இரத்தப் பரிசோதனையும் மருத்துவர் கண்காணிப்பும் இன்றித் தொடக்கூடாத மருந்து.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றுண்டு. பயன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். இங்கேதான் நல்ல மருந்து தோற்றுத் தீய மருந்து வெல்கிறது. மூன்றாம் வாரம் அத்தை வந்து 'என்னடி இன்னும் போகலையா' என்று கேட்பாள். நான்காம் வாரம் பூச்சு குப்பைக்குப் போகும். பிள்ளைக்கு மருந்து வாங்கித் தருவதைவிட அந்தப் பன்னிரண்டு வாரமும் அவர் முகத்தைப் பற்றிப் பேசாதிருப்பது பெரிய உதவி.

பரு ஆறியபின் நிற்கும் கருமையைத் தழும்பென்று பலர் அஞ்சுகிறார்கள். நம்போன்ற மாநிறத் தோலில் அழற்சி விட்டுச்செல்லும் நிறமி அது. சில மாதங்களில் தானே மங்கும். சன்ஸ்கிரீன் பூசி வெயிலைத் தடுத்தால் விரைவாக மங்கும். உண்மையான தழும்பு என்பது குழி. அது தானே நிரம்புவதில்லை. கிள்ளாமல், பிதுக்காமல் இருப்பதும், கட்டிப் பரு தோன்றும்போதே மருத்துவரிடம் போவதும் அதற்காகத்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவு உண்டு என்பதையும் கூறிவைக்கிறோம். முகத்துக்காக மருத்துவமனைக்குப் போவது ஆடம்பரம் என்று எண்ணும் வீடுகள் நம்மிடையே மிகுதி. பருவால் கல்லூரிக்கு வராமல் போனவர்களை, ஒளிப்படத்துக்கு நிற்க மறுத்தவர்களை, வாய்மொழித் தேர்வில் தலை நிமிராமல் விடை சொன்னவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அதை ஆடம்பரம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அம்மாணவியும் அத்தகைய ஒரு பிரிவுக்குத்தான் சென்றார். கிரீமை நிறுத்திய முதல் இரண்டு மாதங்கள் கொடியவை. முகம் எரிந்து வீங்க, வகுப்புக்கு வராத நாள்கள் பல. தேறிவர ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. கன்னத்தில் சில குழிகள் நிலைத்துவிட்டன. இன்று அவரும் ஓர் ஆசிரியர்.

நாம் இன்றும் அதே அதிகாரத்தை நடத்துகிறோம். வள்ளுவர் பாடியது காதலனின் கண்ணைப் பற்றி. காதலுக்கு முகத்தின் புள்ளி தெரிவதில்லை என்று அதைப் படிக்கவும் இடமுண்டு என இப்போது சேர்த்துச் சொல்கிறோம். அது சரியான உரைதானா என்று புலவர் நண்பர்கள் வாதிடட்டும். இளநீர் குடி என்று மட்டும் நாம் எவரிடமும் சொல்வதில்லை, தாகம் எடுத்தாலொழிய.